எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மாதவிடாய் நாட்களுக்கு ஏற்ற கழிப்பறை வசதி கேட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் என்னிடம் கொடுத்த மனுவைப் பற்றிச் சிலர் விசாரித்தீர்கள். "இந்த வயசுல இதெல்லாம் பேசணுமா சார்?" என்று ஒரு தந்தை போனில் வருத்தப்பட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பெண்ணுரிமைக்காக இன்று உழைக்கும் இளம்பெண்களைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறார்கள். அதில் அமிகா ஜார்ஜ் இவர்களுக்குப் பிடித்துப்போனார். கேரளப் பூர்வீகம், லண்டனில் வளர்ந்தவர். நாப்கின் வாங்கக் காசில்லாமல் மாணவிகள் பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள் என்ற செய்தியை 2017-ல் படித்தபோது அவருக்கு வயது 17. பிரிட்டனிலா இப்படி என்று எனக்கே ஆச்சரியம்தான். பள்ளியில் இலவச நாப்கின் கேட்டு இணையத்தில் மனு தொடங்கினார். அந்த டிசம்பரில் பிரதமர் இல்லத்தருகே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிவப்பு உடுத்தித் திரண்டார்கள். 2020 ஜனவரி முதல் இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகளில் நாப்கின் இலவசம். இத்தனையையும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டேதான் செய்தார். மார்க் குறையுமே என்று கவலைப்படுபவர்கள் கவனிக்கவும்.

இந்த விஷயத்தில் நாம் முந்திவிட்டோம். கிராமப்புற வளரிளம் பெண்களுக்குத் தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் 2012 முதலே இலவச நாப்கின் உண்டு. அப்புறம் மனு எதற்கு? நாப்கின் இருந்தால் மட்டும் போதுமா, மாற்ற இடம் வேண்டாமா? கடைசிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், மதியத்துக்கு மேலும் குழாயில் தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி. கேட்டது இவ்வளவே. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவின் ஓட்டையில் துப்பட்டாவை மாட்டி இழுத்துப் பிடித்தபடி வெளியே நிற்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் வாயாடித்தனமா?

தாழ்ப்பாளும் தொட்டியும் வந்துவிட்டன. தண்ணீர்ப் பிரச்சினை வரும் வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வருகிறது. அம்மாக்கள் எப்படியும் வருவீர்கள், அப்பாக்களும் வாருங்கள்.

கையெழுத்திட்ட பிள்ளைகளை வீட்டில் திட்ட வேண்டாம். மாதவிடாய் என்பதற்காகவே பள்ளிக்கு அனுப்பாமல் இருக்காதீர்கள். வலி தாங்க முடியாவிட்டால் லீவு லெட்டரில் அதையே எழுதுங்கள். மாதாமாதம் 'காய்ச்சல்' வேண்டாம்.

அதே வெள்ளிக்கிழமை காலை கிராம சுகாதார செவிலியர் மாதவிடாய் பற்றிப் பேசுகிறார். பையன்களும் உட்கார்ந்து கேட்பார்கள். ஆட்சேபம் இருந்தால் வியாழன் நான்கு மணிக்குமேல் என் அறைக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்