நேத்து வந்த அந்த போட்டோ பத்தி

தெருக்காரங்க எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி பத்தரைக்கு நம்ம வாட்ஸ்அப் குழுவுல யாரோ ஒரு அக்காவோட போட்டோவைப் போட்டு, "புள்ள புடிக்கிறவ, காசிமேடு பக்கம் சுத்துறா, உஷார்"னு எழுதியிருந்தாங்க. போட்டோவுல இருக்கற அந்த அக்கா போர்வை விக்கிறவங்க. தலையில மூட்டை, கையில தண்ணி பாட்டில், போட்டோவுலயே தெரியுது. அதுக்குள்ள ஏழு பேரு "புடிச்சு அடிங்க"ன்னு போட்டுட்டீங்க. எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

2018 மே மாசம் பழவேற்காட்டுல இதே புள்ள புடிக்கிற வதந்தியை நம்பி ஒருத்தரை அடிச்சே கொன்னாங்க. நமக்கு வடக்கால இருக்கற ஊருதான். அந்த வருஷம்தான் வாட்ஸ்அப்பும் இந்தியாவுல ஒரே நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாம வச்சுது.

போட்டோவை நான் டெலிட் பண்ணிட்டேன். போன்ல சேவ் ஆயிருந்தா நீங்களும் அழிச்சிடுங்க. வேற குழுவுக்கு அனுப்பியிருந்தா, அங்கயே "தப்பான தகவல்"னு போடுங்க. நெசமாவே சந்தேகம்னா போலீசுக்கு 112, குழந்தைங்க விஷயம்னா 1098க்கு போன் பண்ணுங்க. ஓடிபி கேட்டு யாராவது பணத்தை எடுத்துட்டா உடனே 1930.

இன்னொண்ணு. குழுவுலருந்து பொண்ணுங்க நம்பரை எடுத்து தனியா மெசேஜ் பண்ற தம்பிங்களுக்கு: அடுத்த தடவை கேக்காமலே நீக்கிடுவேன்.

அந்த அக்கா வெள்ளிக்கிழமை திரும்ப வருவாங்களாம். பார்த்தா "வாங்கக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.