செயலாளர் ஆண்டறிக்கை: பள்ளிப் பகடிவதை குறித்த நம் பணி

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கான நம் துணைப்பாட வகுப்புகளும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தேறின. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பெற்றோர் நம்மிடம் அதிகம் கேட்டது பகடிவதை பற்றித்தான் என்பதால் இவ்வறிக்கை அதைப் பற்றியது.

எது பகடிவதை என்று முடிவு செய்ய, நார்வே ஆய்வாளர் டான் ஒல்வேயஸ் வகுத்த மூன்று அடையாளங்களையே பின்பற்றினோம்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் பலம் சமமில்லாதது. ஒருநாள் சண்டை இதில் சேராது. உடல்பலம் மட்டும் பலமன்று. வாட்ஸ்அப் குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று முடிவு செய்பவரும் பலசாலியே.

நிறத்தையும் தலை எண்ணெயையும் சொல்லிக் கிண்டல் செய்பவர், சுற்றி நிற்போர் சிரித்துக்கொண்டிருக்கும்வரை நிறுத்துவதில்லை. பின்லாந்தின் ‘கிவா’ என்ற பகடிவதைத் தடுப்புத் திட்டம், பார்த்து நிற்கும் மாணவர்களிடம் தனிக் கவனம் செலுத்துவது இதனால்தான். நம் வகுப்புகளிலும் அதையே பழக்கினோம்: சிரிக்காதே, படம் பிடித்துப் பரப்பாதே, பாதிக்கப்பட்டவரை “வா, கேன்டீனுக்குப் போகலாம்” என்று கூட்டிக்கொண்டு போ. நடுவில் புகுந்து மோதச் சொல்லவில்லை. அது இன்னொரு பிள்ளைக்கும் அடி வாங்கித் தரும்.

நம் பிள்ளைகள் தாய்மொழிப் பாடத்துக்கு வகுப்பு மாறிச் செல்கிறார்கள். போகும் வழியிலும் அந்த வகுப்பிலும் நடப்பது வகுப்பாசிரியர் கண்ணில் படாது, தமிழாசிரியர் கவனித்திருக்கலாம். பள்ளிக்குக் கொடுக்கும் புகாரின் பிரதி அவருக்கும் போகட்டும்.

புகாரில் நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தோர் ஆகியவை வேண்டும். “என் பிள்ளையை எப்போதும் சீண்டுகிறார்கள்” என்று மட்டும் எழுதினால் பள்ளியால் விசாரிக்க முடியாது. குறுஞ்செய்தி என்றால் அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்த பிறகே அவரைத் தடை செய்யுங்கள். உட்காரும் இடத்தை மாற்றுவது, ஓய்வுநேரக் கண்காணிப்பு, அடுத்த சந்திப்பின் தேதி ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வதை ஏற்காதீர்கள். பயந்த பிள்ளை அங்கே வாய் திறக்காது. தொல்லை கழிப்பறைப் பக்கம் இடம் மாறிவிடும்.

கோபத்தில் எதிர்த்தரப்புப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். சிங்கப்பூரின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, துன்புறுத்தும் நோக்கில் ஒருவரது அடையாள விவரங்களை வெளியிடுவது குற்றம்.

பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் ‘டிங்கிள் ஃபிரண்ட்’ உதவித் தொலைபேசி எண்ணை (1800-2744-788) எல்லா வகுப்புகளிலும் ஒட்டியுள்ளோம்.

உயர்நிலை 1க்குச் செல்வோரின் பெற்றோருக்கு, பள்ளி திறக்குமுன் டிசம்பரிலேயே கூட்டம் நடத்தப் புதிய செயலவைக்குப் பரிந்துரைக்கிறேன்.

செயலாளர்