அழைப்புப் பதிவு: அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடன் வசூல் மிரட்டல், லஞ்சப் பேரம், வாடகை முன்பணத் தகராறு என்று எது வந்தாலும் "போன்ல ரெக்கார்டு இருக்கு" என்ற தைரியத்தில்தான் இன்று பலரும் புகார் கொடுக்கப் போகிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு அது பெரிய பலம்தான். ஆனால், எதைக் கொண்டு பதிகிறோம், பதிந்ததை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில் கோட்டை விட்டால் அந்தப் பலம் நீதிமன்ற வாசலிலேயே போய்விடும்.

முதலில் செயலிகள். பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய செயலி ஐந்து நிமிட அழைப்பை ஐந்து நிமிடக் கோப்பாகவே சேமித்திருக்கும். போட்டுக் கேட்டால் வெறும் மௌனம், அல்லது நம் குரல் மட்டும். பிழை செயலியுடையது அல்ல. எதிர்முனைக் குரல், போனின் சிக்னலைக் கையாளும் மோடத்திலிருந்து நேரே ஒலிச் சில்லுக்குப் போகிறது. அதைத் தொடும் அனுமதி, போனோடு வரும் சிஸ்டம் செயலிகளுக்கு மட்டுமே உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், அழைப்பு நடக்கும்போது மற்ற செயலிகளுக்கு மைக்கும் மூடப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள 'அக்சஸிபிலிட்டி' அனுமதியைக் கொண்டு சில செயலிகள் இதைச் சுற்றிப் போயின. 2022 மே 11 முதல் பிளே ஸ்டோர் செயலிகளுக்கு அந்த வழியையும் கூகுள் அடைத்தது. இன்றும் யாராவது வெளித்தளத்து ஏபிகே கோப்பை (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்பி, அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுக்கச் சொன்னால் நிறுவாதீர்கள். திரையில் தெரியும் ஓடிபி உட்பட எல்லாவற்றையும் படிக்க அந்த ஒரு அனுமதி போதும்.

நம்பத்தக்கது போனோடு வரும் வசதிதான். இந்தியாவில் விற்கும் சாம்சங் போன்களில் டயலரின் (அழைப்புச் செயலி) மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ரெக்கார்ட் கால்ஸ் என்று போனால் எல்லா அழைப்புகளையுமோ குறிப்பிட்ட எண்களை மட்டுமோ தானாகப் பதியச் செய்யலாம். கோப்பு ரெக்கார்டிங்ஸ் கோப்புறைக்குள் 'கால்' என்ற கோப்புறையில் சேரும். கூகுள் டயலர் உள்ள போன்கள் பதிவு தொடங்குவதை இருவருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். அதில் பழைய பதிவுகளைத் தானாக அழிக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று உடனே பாருங்கள். ஐபோனில் 2024 அக்டோபரில் வந்த ஐஓஎஸ் 18.1 முதல் பதிவு வசதி உண்டு. அதுவும் அறிவித்துவிட்டே பதியும், நோட்ஸ் செயலியில் சேமிக்கும். வாட்ஸ்அப் அழைப்புக்கு, ஸ்பீக்கரில் போட்டு அருகில் இன்னொரு போனில் பதிவதே எளிய வழி. அப்போது அசல் இருப்பது அந்த இரண்டாவது போனில் என்பதை மறக்கக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, நாம் பேசும் அழைப்பை நாமே பதிவது ஒன்று, மற்றவர் இருவர் பேசுவதை ஒட்டுக் கேட்பது வேறு. லஞ்சம் கேட்ட பம்பாய் மரண விசாரணை அதிகாரி மீதான ஆர்.எம். மல்கானி வழக்கில், பேசியவர்களில் ஒருவரின் சம்மதத்தோடு எடுத்த பதிவு செல்லும் என்று 1972இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒட்டுக் கேட்பதற்கோ 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். துணைவரின் போனில் வேவுச் செயலி நிறுவினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவும் பாயும். துணைவரோடு பேசியதை ரகசியமாகப் பதிந்திருந்தாலும் மண வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேவு பார்க்க அதை உரிமமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரப் பட்டியலை மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்க மறுத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி, பலரும் சறுக்கும் இடம். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் கோப்பின் பெயரும் தேதியும் மாறும். மறுபடி சுருக்கப்பட்டால் உள்ளடக்கமும் மாறும். "தெளிவாகக் கேட்கட்டும்" என்று முன்னும் பின்னும் வெட்டுவது அதைவிட மோசம். வெட்டிய கோப்பு திருத்திய கோப்புதான், எதிர்த்தரப்பு முதலில் கேள்வி எழுப்புவது அதைப் பற்றித்தான். அசலைத் தொடாமல், கேபிள் வழியாகக் கணினிக்கு ஒரு பிரதி எடுங்கள். அதற்கு எஸ்எச்ஏ-256 ஹேஷ், அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டைக் கணினியில் கணக்கிட்டு எழுதி வையுங்கள். 64 எழுத்து, எண்கள் வரும். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் இந்த வரிசை முற்றிலும் வேறாகிவிடும். அழைப்பின் தேதி, நேரம், எண், போனின் மாடல், ஐஎம்இஐ எனும் போனின் அடையாள எண் ஆகியவற்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு முடியும்வரை போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. உரிமையாளரே கூண்டேறி அசல் கருவியை ஒப்படைத்தால் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் தேவையில்லை, நகலுக்குக் கட்டாயம் தேவை என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குரல் தன்னுடையது அல்ல என்று எதிரி மறுத்தால், குரல் மாதிரி தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும்.

லஞ்சப் புகாரில் இன்னொரு கெடு உண்டு. கட்டாயத்தின் பேரில் பணம் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்யாவிட்டால், ஊழல் தடுப்புச் சட்டத்தில் அவரே குற்றவாளி ஆகலாம். பதிவைச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பது புகார் ஆகாது. அவதூறு வழக்குக்கும் அது வழி திறக்கும்.

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 63ஆவது பிரிவுப்படி மேலே சொன்ன சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள்: 'ஏ' பகுதியில் தாக்கல் செய்பவரும் 'பி' பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஹேஷ் மதிப்பும் இருக்க வேண்டும். கந்துவட்டி மிரட்டலுக்கு ஆளான பூ விற்பவர் அந்த நிபுணரை எங்கே தேடுவார்? சான்றிதழ் படிவத்தைத் தமிழில் அச்சிட்டுக் காவல் நிலையங்களில் வைக்க வேண்டும். கையெழுத்திடத் தகுதியுள்ள நிபுணர்களின் பட்டியலை ஒவ்வொரு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வெளியிட்டு, 15100 என்ற இலவச உதவி எண்ணில் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். இதைத் தமிழக அரசும் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உடனே செய்யுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி