மெத்தைக்கு ஆசைப்பட்ட பாத்திமா

நாகர்கோவில்
27.12.2024

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. படி ஏறும்போது அவசரப்படாதே. வீட்டிலேயே கிடக்கிறேன், என்ன படம் பார்க்கலாம் என்று எழுது என்றாய். எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

சினிமாவுக்கு ஆகாத வாரம் இது. திங்கட்கிழமை இந்தி இயக்குநர் ஷியாம் பெனகல் இறந்துபோனார், புதன்கிழமை மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரும் போனார். எம்.டி. எடுத்த 'நிர்மால்யம்' ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் அருள்வாக்குச் சொல்கிற வெளிச்சப்பாடு நெற்றியை வெட்டிக்கொண்டு அம்மன் முகத்தில் ரத்தத்தை உமிழ்வாரே. தூர்தர்ஷனில் அதைப் பார்த்த அன்று நாம் இரண்டு பேரும் ராத்திரி சாப்பிடவில்லை. பெனகலின் 'மந்தன்' அதைவிட எனக்கு நெருக்கம். 1976இல் குஜராத்தில் பால் ஊற்றுகிற ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். தங்கள் காசில் எடுத்த படத்தைப் பார்க்க லாரியில் ஏறி டவுனுக்குப் போனார்கள். அதே படத்தைப் புதுப்பித்து இந்த மே மாதம் பிரான்சில் கான் பட விழாவில் திரையிட்டிருக்கிறார்கள். விருதுக்குப் போகிற படம் வேறு, சனங்கள் பார்க்கிற படம் வேறு என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த லாரிகள்தான் கண்ணில் வரும்.

இந்த மாதம் திருவனந்தபுரம் பட விழாவுக்கு நான்கு நாள் போய்வந்தேன். காலை ரயிலுக்குப் போய் ராத்திரி திரும்புவது. கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு கைரளி தியேட்டர் வாசலில் வரிசையில் நிற்கும்போது நமக்கு இருபது வயசுதான், ஏட்டி. முன்னால் கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் ரிட்டயர்டு வாத்தியார்கள். எல்லாரும் யாரிடமும் பேசுகிறார்கள்.

அங்கே பார்த்த ஒரு படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 'பெமினிச்சி பாத்திமா'. பாசில் முகம்மது எடுத்தது. பொன்னானியில் ஒரு குடும்பப் பெண். புருஷன் உஸ்தாது, மதம் சொல்லிக்கொடுக்கிறவர். மின்விசிறி ஸ்விட்சைப் போடக்கூட அவளைத்தான் கூப்பிடுவார். பிள்ளை மெத்தையில் ஒன்றுக்கு இருந்துவிடுகிறான். அவள் அதை வெயிலில் காயப் போடுகிறாள். தெருநாய் வந்து அசிங்கப்படுத்திவிட, இனி அது ஆகாது என்று அவர் சொல்லிவிடுகிறார். தரையில் படுத்துப் படுத்து அவளுக்கு முதுகு வலி. ஒரு மெத்தை வேண்டும். கதை அவ்வளவுதான். அந்த மெத்தைக்கு அவள் அலைகிற அலைச்சலைப் பார்த்து முதலில் தியேட்டரே சிரித்தது. போகப் போகச் சிரிப்புச் சத்தம் மாறியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கிற விருதும் அதற்குத்தான், விமர்சகர்கள் கொடுக்கிற பிப்ரெஸ்கி விருதும் அதற்குத்தான். இரண்டு கூட்டமும் ஒரே படத்தைத் தொட்டிருக்கிறது, பார்த்தாயா.

பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க உன் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் பாயல் கபாடியாவின் படத்தையும் திருவனந்தபுரம் போய்த்தான் பார்த்தேன். மலையாளத்தில் அதற்குப் 'பிரபயாய் நினச்சதெல்லாம்' என்று பெயர். கானில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரீ வாங்கிய படம். 1994இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' போனதற்குப் பிறகு முப்பது வருடம் கழித்து அங்கே போட்டியில் நின்ற இந்தியப் படம் இதுதான். மும்பையில் நர்ஸ் வேலை பார்க்கிற பிரபா. கல்யாணம் ஆனவுடன் ஜெர்மனி போன புருஷன் ஒரு வருடத்துக்கு மேலாகப் போன்கூடப் பண்ணவில்லை. திடீரென்று ஒரு பார்சல் வருகிறது, பிரித்தால் சிவப்பு நிறத்தில் ஒரு ரைஸ் குக்கர். அனுப்பியது யார் என்று பெயர் இல்லை. ஒரு ராத்திரி அவள் தனியாகத் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கால்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். கனி குஸ்ருதி அழவில்லை, பேசவில்லை. வசந்தா, கல்ஃபில் புருஷன் இருக்கிற வீடுகள் நம் தெருவில் எத்தனை! நான் அந்தப் பெண்களுக்குத்தான் பாடம் எடுத்திருக்கிறேன். ஒருத்தியின் ராத்திரியையும் இப்படி யோசித்ததில்லை.

ஆஸ்கருக்கு இந்தப் படத்தை அனுப்பாமல் 'லாபதா லேடீஸ்' படத்தை அனுப்பினார்கள். அதுவும் நல்ல படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாயலின் படம் இந்தியாவில் நடக்கிற ஐரோப்பியப் படம் போல இருக்கிறது என்று தேர்வுக் குழுவினர் சொன்னதாக இந்தியத் திரைப்படச் சம்மேளனத் தலைவர் சொன்னாரே, அதுதான் ஆறவில்லை. மும்பை மழையும் லோக்கல் ரயிலும், கையில் ஒரு பத்திரம் இல்லாமல் சால் எனும் வரிசைக் குடியிருப்பில் வீட்டை இழந்து ரத்தினகிரிக்குத் திரும்புகிற பார்வதியும் ஐரோப்பாவா? மெதுவாகப் போனால் அந்நியம் என்று யார் வைத்த சட்டம்?

இதே கதிதான் நம்மூரில் 'கொட்டுக்காளி'க்கும். ஆகஸ்ட் 23ஆம் தேதி அதுவும் 'வாழை'யும் ஒரே நாளில் வந்தன. பி.எஸ். வினோத்ராஜ் எடுத்து பெர்லின் விழாவுக்குப் போய்வந்த படம். முதல் நாள் இங்கே ஒரு தியேட்டரில் நாங்கள் பதினோரு பேர். பின்வரிசைப் பையன்கள் "பாட்டு எங்கே?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னணி இசையே இல்லாத படம். ஆட்டோ சத்தம், கட்டிப்போட்ட சேவலின் சிறகடிப்பு, தொண்டைக் கட்டுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு சூரி பேசுகிற கரகரத்த குரல், அவ்வளவுதான். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அன்னா பென்னைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். வழியில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுக்க, அதற்கே அத்தனை பெண்களுக்கும் அடி விழுகிறது. அந்த இடத்தில் பையன்கள் வாயடைத்துப் போனதை நான் கேட்டேன். பிறகு ரோட்டை மறித்து நிற்கிற காளை. வீறாப்பு பேசின ஆண்கள் எல்லாரும் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப்பிள்ளை வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். நான் சத்தமாகக் கைதட்டிவிட்டேன். மறுநாள் ஒரு காட்சியாகக் குறைத்தார்கள், பிறகு எடுத்தேவிட்டார்கள். இதை தியேட்டரில் விட்டிருக்கவே கூடாது என்று சினிமாக்காரர்களே பேசினார்கள். நம் சித்தி, பெரியம்மா கதையை நமக்குக் காட்டக் கூடாது, பெர்லினில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

'வாழை' வேறு விதமாக உலுக்கியது. என் வகுப்பில் ஒரு பையன் திங்கட்கிழமை தோறும் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பான். சேட்டை பண்ணிச் சுளுக்கிக்கொண்டான் என்று நினைத்தேன். வாழைத்தார் சுமந்த கழுத்து என்று இந்த வயசில் மாரி செல்வராஜ் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

பெரிய படங்களையும் விடவில்லை. 'அமரன்' பார்த்து அழுதேன். சண்டைக்கு அல்ல, போனில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபடி சாய் பல்லவி நிற்கிற நிற்புக்கு. சென்னை விழாவில் அவளுக்கு விருது கொடுத்தது சரிதான். 'லப்பர் பந்து'வை ஓடிடியில் பார், மைதானத்துக்கு டிராக்டரைக் கொண்டுவந்து பிட்ச்சை உழுகிற யசோதைக்காக. 'புஷ்பா 2'க்குப் பேரன் இழுத்துப்போனான். மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல். சேலை கட்டிக்கொண்டு அல்லு அர்ஜுன் ஆடுகிற ஜாத்திரை, அதாவது அம்மன் திருவிழாக் காட்சி நிஜமாகவே பெரிய வேலை, மற்றதில் மனசு ஒட்டவில்லை. ஹைதராபாத்தில் பிள்ளைகளோடு அந்தப் படம் பார்க்கப் போன ஒரு தாய் நெரிசலில் இறந்துபோனாள். இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவள் நினைப்புத்தான்.

இப்போது உன் அம்மா விஷயம். லீவுக்கு அம்பாசமுத்திரம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு முன்னறையில் கட்டில், நமக்கு ஜமுக்காளம். அம்மா அடுக்களை வாசலில் கோரைப்பாயில், தலைக்குச் சுருட்டிய பழைய சேலை. அப்பா போன பிறகும் அந்தக் கட்டிலில் அவர்கள் படுத்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு முதுகு வலித்ததா, கட்டிலில் படுக்க ஆசை இருந்ததா, நாம் இரண்டு பேரும் ஒரு நாளாவது கேட்டோமா? எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருந்தால் எழுது.

பாயலின் படம் ஜனவரி 3ஆம் தேதி ஹாட்ஸ்டாரில் வருகிறதாம். காலை நீட்டி உட்கார்ந்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார். குக்கர் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு எனக்குக் கூப்பிடு, எந்நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
பகவதி