கேட்பது என்ன என்பதை எங்கள் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய போராட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஏற்றத்தாழ்வுக்கு எதிராக நாம் நடத்திய கடந்த பேரணியில் நடந்தவற்றை நீங்கள் மேடையிலிருந்தே பார்த்தீர்கள் என்பதால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். என் அருகில் நின்ற ஓர் அம்மா, அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்பவர், அன்றைய கூலியை இழந்து வந்திருந்தார். பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் தம் மாதச் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்து, மிச்சத்தை வட்டமிட்டிருந்தார். தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டி, "அரசு நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார். மேடையில் ஐந்தாவது பேச்சாளர் ஐந்தாவது பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாய் திறவாமல் நின்ற சில நொடிகள்தாம் இரவுச் செய்தியில் வந்தன, அட்டை வரவில்லை.

அவருக்கு ஒரு வாக்கியத்தை நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். இம்மடலில் நான் கேட்பதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

கோரிக்கையைச் சுருக்கினால் இயக்கமும் சுருங்கிவிடும் என்று கூட்டந்தோறும் சொல்கிறீர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. செல்வம் மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் குவிவதை எதிர்த்து 2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கின் ஜுக்கோட்டி பூங்காவில் கூடிய 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்' இயக்கத்தினர், கோரிக்கைப் பட்டியல் எதுவும் இல்லாமலேயே "நாங்கள் 99 விழுக்காட்டினர்" என்ற முழக்கத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தார்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால், ஒருவர் சொன்னதைச் சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லிப் பின்வரிசைவரை எட்டச் செய்தார்கள். ஆயினும் நவம்பர் 15 அன்று காவல்துறை பூங்காவைக் காலி செய்தபோது, இன்னதை நிறைவேற்றுகிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ சொல்லியாக வேண்டிய நெருக்கடி எந்த ஆட்சியாளருக்கும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பரில் அதே நகரத்தின் துரித உணவகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மணிக்கு 15 டாலர் கூலி, சங்கம் அமைக்கும் உரிமை, அவ்வளவுதான் கேட்டார்கள். அப்போது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். 2016இல் நியூயார்க் மாநிலம், கூலியைப் படிப்படியாக 15 டாலருக்கு உயர்த்தும் சட்டத்தை இயற்றியது. பூங்காவில் கூடியவர்கள் உழுது வைத்திராவிட்டால் இந்த விதை முளைத்திருக்குமா என்பது எனக்கும் ஐயமே. ஆனால் நாம் உழுது முடித்த பிறகும் விதைக்காமல் நிற்கிறோம்.

பிரான்சில் 2018இல் மஞ்சள் மேலங்கிப் போராட்டக்காரர்கள் எதிர்த்த எரிபொருள் வரி உயர்வை அரசு டிசம்பரிலேயே கைவிட்டது. பெருஞ்செல்வர்கள் மீதான செல்வ வரியை மீண்டும் கொண்டுவரும்படி கேட்டதற்கோ அதிபர் வெளிப்படையாக மறுத்தார். அந்த மறுப்பையும் நான் பயன் என்றே கருதுகிறேன். தாம் யார் பக்கம் என்பதை அவர் தம் வாயாலேயே சொல்ல நேர்ந்தது. தெளிவாகக் கேட்காதவரை, "உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது" என்ற அறிக்கையோடு எந்த அரசும் விலகிக்கொள்ளும்.

ஊடகங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பெருஞ்செல்வர்களுக்கு வரி குறைக்கப்படும்போது அவர்கள் வாசலில் போய்க் கணக்குக் கேட்காதவர்கள், வாடகை கட்டத் திணறும் பெண்ணிடம் நாட்டுக்கே திட்டம் கேட்கிறார்கள். அது நியாயமில்லாத கேள்வி. ஆனாலும் அடுத்த முறையும் அதையே கேட்பார்கள்.

ஆகவே பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த பேரணிக்கு நாள் குறிப்பதற்கு முன்னர் எல்லாரையும் கூட்டி, யாரிடம், எதை, எந்த நாளுக்குள் கேட்கிறோம் என்பதை ஒரே வாக்கியமாக முடிவு செய்யுங்கள். அது கூலியா, வாடகையா, வரியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வருகிற ஒவ்வொருவர் கையிலும் அதைத் துண்டறிக்கையாகக் கொடுங்கள். அந்த அம்மா அடுத்த பேரணிக்கும் கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அட்டையின் மறுபக்கத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேரணிகளில் தவறாமல் நிற்கும் ஒருவர்