பெர்த் வெயிலுக்கு எந்த மரம்?

மெல்பர்ன்,
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள ஸ்டெல்லா,

பெர்த்திலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. வீடு அமைந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைத் தனியாக ஒரு கடிதமாகவே எழுதியிருக்கலாம் நீ. கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். இங்கே என் வீட்டுக்காரருக்கு வேலை மாறியிருக்கிறது. வீட்டுக்கு வந்துசேரும் நேரம் மட்டும் மாறவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் நிஜ மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தாய். வாங்கிக் கொடு. பிளாஸ்டிக் மரத்தைப் பரணிலிருந்து இறக்கினால் வருவது தூசி வாசனை. நிஜ மரம் இருக்கும் வீட்டில் கதவைத் திறந்ததுமே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது தெரியும். ஆனால் ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்றால் கோடை. கோடையில் மரம் வாங்குவது தனிக் கணக்கு. வடக்கு நாடுகளில் டிசம்பரில் வெட்டும் மரம் குளிரில் உறங்கிக் கிடக்கும். வெட்டியது அதற்கே தெரியாது என்று சொல்லலாம். இங்கே வளரும் பருவத்திலேயே வெட்டுகிறார்கள். நுனியெல்லாம் இளந்தளிர். தண்ணீர் தவறினால் அந்தத் தளிர்தான் முதலில் தலை சாய்க்கும். அதனால் அழகைப் பார்த்து மரம் எடுக்காதே. எவ்வளவு புதிதாக வெட்டியது என்று பார்த்து எடு.

மரப் பண்ணைகளில் பெரும்பாலும் நீ பார்க்கப்போவது ரேடியேட்டா பைன். இதன் பூர்வீகம் கலிபோர்னியாவின் மான்டெரி கடற்கரை. கட்டுமான மரத்துக்காகப் பெருந்தோட்டங்களில் வளர்ப்பதும் இதைத்தான். மூன்று நான்கு ஆண்டுகளிலேயே ஆளுயரத்தைத் தாண்டிவிடும். விட்டால் ஒல்லியாக மேலே போய்விடும் என்பதால் அவ்வப்போது கத்தரித்துக் கத்தரித்துக் கூம்பாக்குகிறார்கள். ஊசியிலைகள் மும்மூன்றாகச் சேர்ந்து நீளமாக இருக்கும். கிளைகள் மெலிந்தவை, கனமான கண்ணாடி உருண்டைகளைத் தாங்காமல் வளையும். வாழ்த்து அட்டைகளில் வரும் மரம்போல அது இருக்காது. சற்றுப் பரட்டைத் தலைதான். எனக்கு அது பிடிக்கும்.

பண்ணைக்குக் காலையிலேயே போய்விடு. நீ தேர்ந்தெடுக்கும் மரத்தைக் கண்ணெதிரே வெட்டித் தருகிற பண்ணையாக இருந்தால் உத்தமம். வெட்டி அடுக்கி வைத்திருப்பதை வாங்குவதானால் ஓர் ஊசியிலையை வளைத்துப் பார். வளைந்தால் எடு, படக்கென்று ஒடிந்தால் அடுத்த மரத்துக்குப் போ. அடிமரத்தைத் தரையில் இருமுறை தட்டச் சொல். உட்புறத்தில் பழுத்துப்போன இலைகள் கொஞ்சம் உதிர்வது இயல்பு, பச்சை இலை உதிரக் கூடாது. கார் கூரையில் கட்டும்போது அடிப்பக்கம் முன்னால் இருக்கட்டும். மேலே ஒரு பழைய போர்வையைச் சுற்றிவிடு. அந்த வெந்த காற்றில் அரைமணி நேரப் பயணமே மரத்துக்கு அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் வைப்பது. பிசின் வெட்டுவாயை அடைத்துவிட்டால் மரம் குடிக்காது. ஸ்டாண்டில் நுழையவில்லை என்று உன் வீட்டுக்காரர் பட்டையைச் சீவப் பார்ப்பார், விடாதே. பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி வழியாகத்தான் மரம் நீரை இழுக்கிறது. பெரிய ஸ்டாண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை, ஆஸ்பிரின், எலுமிச்சைச் சோடா என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வெறும் குழாய்த் தண்ணீர் போதும், ஆனால் வெட்டுவாய்க்குக் கீழே மட்டம் இறங்கவே கூடாது. முதல் நாளில் அது குடிக்கும் அளவைப் பார்த்தால் அடியில் ஓட்டையோ என்று சந்தேகம் வரும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைச் சின்னவனிடம் கொடு. அவனுக்குப் பெருமையாகவும் இருக்கும், உனக்கு முதுகு வலியும் மிச்சம்.

மேற்கு ஜன்னல் ஓரம் வேண்டாம். ஏசி காற்று நேரே படும் இடமும் வேண்டாம். விளக்குக்கு எல்.இ.டி. சரம் மட்டும். காய்ந்த பைன் எப்படிப் பற்றும் என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன்னால், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே மரம் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் குதிப்பார்கள். அன்றைக்குக் குடிலும் நட்சத்திரமும் போதும் என்று சொல்லிவிடு. டிசம்பர் இரண்டாம் வாரம் வாங்கினால்தான் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பச்சையாக நிற்கும்.

வெட்டிய மரத்தில் மனம் ஒப்பவில்லையென்றால் தொட்டியில் வளர்ப்பவையும் இருக்கின்றன. காட்டஸ்லோ கடற்கரையில் அடுக்கடுக்காக நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பாய். அவை நார்ஃபோக் தீவுப் பைன். அதன் கன்றைத் தொட்டியில் விற்கிறார்கள். ஆசையாக இருக்கும், ஆனால் பின்னால் தோட்டத்தில் நட்டுவிட்டால் வீட்டையே சிறுசாக்கிவிடும். வால்லமை பைன் கதை உன் மூத்தவளுக்குப் பிடிக்கும். தொல்லுயிர்ப் படிமங்களில் மட்டுமே தெரிந்த ஒரு மர வகையை 1994இல் டேவிட் நோபல் என்ற தேசியப் பூங்கா அலுவலர், சிட்னிக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் உயிரோடு கண்டுபிடித்தார். அந்த இடத்தை இன்றும் வெளியே சொல்வதில்லை. 2019-20 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்கள் போய் அந்தச் சிறு தோப்பைக் காப்பாற்றினார்கள். தொட்டிச் செடியாக இப்போது யாரும் வாங்கலாம். இங்கிருந்து ஒன்று அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். செடிகொடிகள் விஷயத்தில் உங்கள் மாநில எல்லையில் இருக்கும் கெடுபிடி நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

ஆனால் நீ இருக்கும் பக்கத்தில் எனக்குப் பொறாமையான ஒன்று உண்டு: ஊலி புஷ். உங்கள் மாநிலத்தில் ஆல்பனி நகரை ஒட்டிய தென்கரைச் செடி. வெள்ளி பூசிய பச்சை, தொட்டால் பூனைமேல் கைவைத்த மாதிரி. குத்தாது. டிசம்பரில் நர்சரிகளில் தொட்டியோடு விற்பார்கள். பண்டிகையை ஒட்டி ஒரு வாரம் உள்ளே வைத்துவிட்டு, மறுபடி வெயிலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சாதாரண உரம் போடாதே, பாஸ்பரஸ் அதற்கு ஆகாது.

சாலையோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தீப்பிடித்ததுபோலப் பூத்து நிற்குமே, அதையும் கிறிஸ்துமஸ் மரம் என்றுதான் சொல்கிறார்கள். அதில் ஒரு கொத்துகூடப் பறிக்காதே. உங்கள் பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு அது இறந்தவர்களின் ஆவி தங்கும் மரம். போதாக்குறைக்கு அது பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடிகளின் வேரை மண்ணுக்கடியில் அறுத்து உறிஞ்சும். புதைத்து வைத்த கேபிளையும் வேர் என்று நினைத்து வெட்டியிருக்கிறதாம்.

என்னைக் கேட்டால் இந்த ஆண்டு பைன். பிள்ளைகள் கேட்டது அதுதானே. கூடவே ஒரு சின்ன ஊலி புஷ்ஷும் வாங்கி வாசலில் வை, அடுத்த டிசம்பருக்கு ஆகும். உங்கள் பக்கத்து ஷீஓக் மரங்களைப் பார்த்தாயா? நம் ஊர்ச் சவுக்குக்குச் சொந்தம். சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டுப் பஞ்சை ஒட்டிப் பனி என்று நம்பிய நமக்கு, ரேடியேட்டா பைனே ஆடம்பரம்தான்.

பண்டிகை முடிந்ததும் மரத்தைப் பின்கட்டில் எரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நெருப்பு மூட்டத் தடை இருக்கும் காலம் அது. நகராட்சியின் பச்சைக் கழிவில் சேர்த்தால் அரைத்து மண்ணுக்கு மூடாக்காக்கிவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் கூடத்தின் உயரத்தை அளந்துகொள். பண்ணையில் நிற்கும்போது எல்லா மரமும் குட்டையாகத்தான் தெரியும். ஸ்டாண்டும் உச்சி நட்சத்திரமும் சேர்ந்தால் கூரை இடிக்கும். அம்மாவுக்கு என் அன்பைச் சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மேரி