மத்திய அலையில் கரகரப்பு மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக வானொலி தினத்தை ஒட்டித் தங்கள் பிப்ரவரி 13 இதழில் வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஆண்டுக்கு ஒரு நாளாவது நினைத்துக்கொள்கிறீர்களே, அதற்கு நன்றி. அதில், மீடியம் வேவ் எனப்படும் மத்திய அலையைப் பற்றி ஒரு வரி: 'மத்திய அலையில் இப்போது கரகரப்பைத் தவிர எதுவும் வருவதில்லை, அதைக் கேட்பாரும் இல்லை.' இதை எழுதியவர் கடைசியாக எந்த ஆண்டு வானொலிப் பெட்டியின் திருகைத் தொட்டார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கட்டுரையோடு வந்த படத்தைப் பார்த்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. 'பாட்டி வீட்டு ரேடியோ' என்று போட்டிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகப்பில் 88 முதல் 108 வரை எஃப்.எம். எண்கள் மட்டும் இருக்கின்றன. பக்கவாட்டில் பென் டிரைவ் செருகும் ஓட்டை. எந்தப் பாட்டியோ, நல்ல நாகரிகமான பாட்டி.

அதைக்கூட விட்டுவிடலாம். கோவை வானொலியின் அலைவரிசை 995 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சாகியிருக்கிறதே, அதைத்தான் விட முடியவில்லை. அது 999. கோவைக்காரர்கள் படிக்கும் பத்திரிகையில் கோவையின் எண்ணே தப்பு. தாங்கள் அறியாததா? நம் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் மத்திய அலை நிலையங்கள் 531இல் தொடங்கி 1602 வரை ஒன்பது ஒன்பதாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. 1975இல் ஜெனீவாவில் கூடிப் பேசி, 1978 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. எந்த நிலையத்தின் எண்ணை எடுத்தாலும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். திருச்சி 936, சென்னை 720, தூத்துக்குடி 1053: இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், ஒன்பதில்தான் வந்து நிற்கும். 995ஐக் கூட்டினால் 23. பிழை திருத்துபவர் விரல் விட்டு எண்ணியிருந்தாலே பிடித்திருக்கலாம்.

கேட்பாரும் இல்லையாம். நான் இருக்கிறேன், ஐயா. காங்கேயத்துக்குத் தெற்கே தோட்டத்தில் குடியிருக்கும், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிழவன். மாலையில் ஆடுகளைப் பட்டியில் அடைத்ததும் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பழைய டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொள்வேன். பகலில் வானத்தில் உயரே உள்ள அயனி மண்டலத்தின் அடி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுவதால் பக்கத்து ஊர் நிலையங்கள்தான் கிடைக்கும். பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு கரைந்துவிடும். மேலேயுள்ள அடுக்குகளில் பட்டு அலை எங்கெங்கோ போய் விழும். நமக்குக் கிழக்கே முன்னதாக இருட்டுவதால், பனிக்காலத்தில் இங்கே வெளிச்சம் இருக்கும்போதே 693இல் டாக்காவின் வங்காளக் குரல் மெல்ல எழும். பிறகு இலங்கைப் புத்தளத்தின் 882. மேற்குத் திசை இருட்டியபின் 1449இல் மாலத்தீவு, 1413இல் ஓமனிலிருந்து பி.பி.சி. விடியற்காலையில் முதலில் கிழக்கு மங்கும். மேற்கு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். தேதி, நேரம், மொழி, ஒலியின் தரத்துக்கு ஐந்து இலக்கம் என்று எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதுவது போல எழுதி வைத்திருக்கிறேன். கட்டுரையாளர் விரும்பினால் வந்து பார்க்கலாம். மோர் கொடுப்போம்.

கரகரப்பு இல்லையென்று சொல்லவில்லை. அதை யார் உண்டாக்கினார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் அல்லவா? மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் பெட்டி என்று வீட்டுக்கு வீடு இரைச்சல் எழுப்பும் சாமான்களை நாமே வாங்கி மாட்டிவிட்டு, வானொலி கரகரக்கிறது என்றால் என்ன நியாயம்? எங்கள் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இப்போது தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவதால் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி மின்வேலி போட்டிருக்கிறார். அது ஏறக்குறைய வினாடிக்கொரு தரம் 'டிக், டிக்' என்று அலைவரிசை முழுவதும் அடிக்கிறது. ஆட்டைப் பறிகொடுத்தவரிடம் வேலியை நிறுத்தி வையுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? பெட்டிக்குள் அலையைப் பிடிக்கும் பெரைட் கம்பியின் முனை வேலிப் பக்கம் பார்க்கும்படி டிரான்சிஸ்டரை மெல்லத் திருப்புவேன். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் 'டிக்' சத்தம் அமுங்கும். அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த செய்தி வாசிப்பவர் தெளிவாகப் பேசத் தொடங்குவார். விரல் அளவு கூடுதலாகத் திருப்பினால் வேலி மறுபடி வந்துவிடும்.

வேலியைச் சமாளிக்கலாம், ரோட்டோரக் கம்பத்தின் இன்சுலேட்டரைச் சமாளிக்க முடியவில்லை. ஈரக்காற்று அடித்தால் இரவெல்லாம் சீறுகிறது. உரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். 'செல்போனிலேயே எல்லா ஸ்டேஷனும் வருமே, ஐயா' என்றார் அங்கிருந்த பையன். மரியாதையாகத்தான் சொன்னார். கண்ணபுரம் சந்தைக்குப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவனிடம், போட்டோ பார்த்தால் போதாதா என்று கேட்பது போல இருந்தது. செயலியில் டாக்காவைக் கேட்பதில் கேட்கிறவனின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? கம்பம் இன்னும் சீறிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று, சித்திரை வெயிலில் வரும் கரகரப்பு வேறு வகை. தொலைவில் எங்கோ இடி மின்னல் என்று பொருள். வானத்தில் மேகம் திரளும் முன்பே என் பெட்டி சொல்லிவிடும். களத்தில் காயும் சோளத்தை அள்ளச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன்.

கட்டுரையில் பாதி இலங்கை வானொலி. அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது, பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி. நானும் அந்தக் குரல்களோடு வளர்ந்தவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வானொலி என்றால் நினைவஞ்சலிதான் எழுத வேண்டுமா? நடந்துகொண்டிருக்கும் காரியத்துக்குக் கருமாதிப் பத்திரிகை அச்சடிப்பதில் உங்களுக்கு என்ன அவசரம்? தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தது திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தவர் நம் ஜி.டி. நாயுடு. கோவைப் பதிப்பில் அவர் பெயருக்கு இடமில்லை. இணையத்தில் விற்கும் பொம்மை ரேடியோவின் படத்துக்கு இடமிருக்கிறது.

மெய்யாகவே மூடியவை உண்டு. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. இரவெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த அகில இந்திய வானொலியின் தேசிய அலைவரிசையை 2019இல் மூடினார்கள். லாரி ஓட்டுநர்களுக்கும் காவல்காரர்களுக்கும் அதுதான் துணை. அப்போது தங்கள் பத்திரிகையில் ஒரு பத்திச் செய்தி தேடினேன், என் கண்ணில் படவில்லை. மூடும்போது வாய் திறக்காதவர்கள், கேட்பாரில்லை என்று இப்போது எப்படிச் சொல்கிறீர்கள்? கேட்டவர்கள் எழுதினால் பதில் வர வேண்டாமா? ஒலி எப்படிக் கேட்டது என்று எழுதிப் போட்டால் வெளிநாட்டு நிலையங்கள் கேட்டதற்குச் சான்றாக அழகான கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பிவிடுகின்றன. நம் நாட்டு நிலையம் ஒன்றுக்குத் தபால்தலை ஒட்டிய உறையும் சேர்த்து அனுப்பினேன். உறையும் திரும்பவில்லை.

தாங்களும் சளைத்தவர்கள் அல்ல. முன்பெல்லாம் மூன்றாம் பக்கத்தில் அன்றைய வானொலி நிகழ்ச்சிகளை அலைவரிசை எண்ணோடு போடுவீர்கள். முதலில் எண் போயிற்று. பிறகு நிகழ்ச்சி போயிற்று. அந்த இடத்தில் ராசிபலன் கொழுத்துவிட்டது. அதைப் பற்றி அப்போதே எழுதினேன். கடிதத்தின் முதல் வரியில் தங்கள் நாளிதழைப் பாராட்டியிருந்தேன், அந்த வரியை மட்டும் வெளியிட்டீர்கள்.

வேண்டுவது பெரிதல்ல. 995ஐ 999 என்று திருத்துங்கள். ஞாயிற்றுக்கிழமையாவது தமிழ்நாட்டு மத்திய அலை நிலையங்களின் பெயரையும் எண்ணையும் சிறிய எழுத்தில் நான்கு வரி போடுங்கள். கடிதத்தைச் சுருக்குவது தங்கள் உரிமை. மோர் வரை எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.